வடதிசைப் பாட்டு தந்த ஆறுதல்

இசைக்கு உருகாத உள்ளமும் உண்டோ? தாலாட்டில் தொடங்கும் மனித வாழ்வு ஒப்பாரியில் நிறைவுறுகின்றது என்பர் நம் பெரியோர். தாலாட்டின் இனிமையை நாங்கள் எங்கள் அன்னையின் மடியில் அறிந்தோம். ஆனால் ஒப்பாரியின் அருமையை, அவ்வன்னையை இழந்த பின்னரே, மழையும் பனியும் சூழ்ந்த வேற்று நாடொன்றில், வேற்று மொழியிற் பாடப்பட்ட ஒரு பாட்டின் மூலம் அறிய நேர்ந்தது. அந்த அனுபவத்தையே இங்கு எழுத முனைகின்றோம்.

நாங்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரிகள்; இப்பள்ளியின் பழைய மாணவியர். மலர்க்குழுவினர் எங்களிடம் கட்டுரை கேட்டபொழுது எதை எழுதுவதென்று பலநாள் சிந்தித்தோம். நாங்கள் பட்டங்கள் பல பெற்றவர்களும் அல்லர். பெரும் பதவி வகிப்பவர்களும் அல்லர். மூத்தவள் முதியோர் இல்லமொன்றில் தாதி. இளையவள் பாலர் பாடசாலையொன்றில் ஆசிரியை. எனினும், இப்பள்ளியின் சங்கீத வகுப்பிலே ஆர்மோனியப் பெட்டியின் முன் அமர்ந்து, “பாடுகிறவள் இருமுறை செபிக்கிறாள், பிள்ளைகளே!” என்று சிஸ்டர் அடிக்கடி கூறிய மொழி எங்களை விட்டு அகலவில்லை. அம்மொழியின் பொருள் எங்களுக்கு விளங்கிய கதை இது.

எங்கள் தந்தையார் 1980களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டிற்குச் சென்றவர். அக்காலத்தில் நம்மவர் பலர் சென்றதுபோல அவரும் அந்நாட்டின் வடகோடியாகிய பின்மார்க் மாநிலத்தில் மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தார். சில ஆண்டுகளின் பின் அம்மாவும் நாங்களும் அங்கு சென்று சேர்ந்தோம். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியன் தலைகாட்டாத ஊர் அது. பின்னர் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகருக்குக் குடிபெயர்ந்தோம். ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும் நகரம் பேர்கன். “இஞ்சை குடை இல்லாமல் கோயிலுக்கும் போகேலாது” என்று அம்மா சிரித்தபடி குறைப்படுவார்.

அந்த அம்மா 2019ஆம் ஆண்டு தை மாதத்தில் எங்களை விட்டுப் பிரிந்தார். ஊரிலென்றால் பெண்கள் கூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறந்தவரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதிருப்பார்கள். பேர்கனிலோ, அடக்கச் சடங்கு அமைதியாக நடந்தது. அயலவர்கள் கையைப் பற்றி மெல்ல அழுத்தினார்கள், மலர் வைத்தார்கள், தலைகுனிந்து நின்றார்கள். அவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. அது அந்நாட்டின் முறை. நாங்களும் அம்முறைக்கு அடங்கி, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதோம். வாய்விட்டு அழாத அழுகை எங்கே போகும்? அது நெஞ்சிலேயே தங்கிவிடும் என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

அப்பா அதுவும் அழவில்லை. அடக்கம் முடிந்து வீட்டிற்கு வந்தவர் யன்னலோரக் கதிரையில் அமர்ந்தார். அமர்ந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். சோற்றை வைத்தால் இரண்டு பிடி. தேநீரை வைத்தால் அது ஆறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிறு திருப்பலிக்கும் வர மறுத்தார். இத்தனைக்கும் அவர் இளமையில் எங்கள் ஊர்க் கோயிலில் தபசு காலந்தோறும் பசாம் பாடியவர்; வியாகுலப் பிரசங்கத்தை அவர் இராகமெடுத்து வாசிக்கும்போது கோயில் முழுவதும் விம்மும் என்று அம்மா பெருமையோடு சொல்வார். அந்தக் குரல் அடைபட்டுவிட்டது. வைத்தியர் பார்த்தார், குருவானவர் வந்து ஆறுதல் மொழிந்தார். அப்பா தலையை ஆட்டினார், அவ்வளவே. இரண்டாவது மரணமொன்று வீட்டு வாசலில் வந்து நிற்பதுபோல எங்களுக்கு அச்சம் உண்டாயிற்று.

அந்நாட்களில்தான் எங்களில் மூத்தவளோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண்ணொருத்தி ஓர் இறுவட்டைக் கொடுத்தாள். “உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாயே, இதில் அப்படி ஒரு தந்தையின் பாட்டு இருக்கிறது” என்றாள். அது ‘வார்ட்ரூனா’ என்னும் நோர்வே இசைக்குழுவினர் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்கால்ட்’ என்னும் இசைத்தொகுப்பு. ஸ்கால்ட் என்றால் பழைய வடநாட்டு மொழியில் புலவன் என்று பொருள். அக்குழுவை நடத்தும் ஐனார் செல்விக் என்பவரே அதில் பாடியிருந்தார். மேளதாளம் இல்லை, பலர் கூடிப் பாடும் ஆரவாரமும் இல்லை. ஒற்றைக் குரலும், அதனோடு பழைய முறையில் அமைந்த நரம்புக் கருவியின் நாதமுமே கேட்டன. அன்றிரவு அப்பா உறங்கியபின் சமையலறையில் இருந்து அதைக் கேட்டோம். சொற்கள் எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் அக்குரல் ஏறி இறங்கிய விதம் விளங்கிற்று. எங்கோ கேட்ட ஓசை! மெய்சிலிர்த்தது. ஒருவரையொருவர் பார்த்தோம். “இது பசாம் மாதிரி இருக்குது” என்ற சொல் இருவர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது.

இவ்விசையைப் பற்றி இங்கு சிறிது கூறுதல் பொருந்தும். வைக்கிங்குகள் எனப்படும் பழைய வடநாட்டு மக்கள் கடலோடிகள். பாட்டை நெஞ்சிலே வைத்துக் காத்தவர்கள். அவர்கள் பாடிய சொற்கள் பல பின்னாளில் ஏட்டில் ஏறின. ஆனால் மெட்டுக்கள் எழுதப்படாமலே மறைந்துபோயின. ஆகையால் இன்று பாடப்படுவது அப்பழைய இசை அன்று. அதன் நினைவில் புதிதாகப் பிறந்த இசையே ஆகும். அகழ்வுகளிற் கிடைத்த பொருட்களையும், பழைய சிற்பங்களையும், நாட்டுப்புற வழக்குகளையும் துணைகொண்டு பழைய கருவிகளைச் செய்து வாசிக்கின்றனர். குதிரை மயிரை நரம்பாகப் பூட்டி வில்லால் இழைக்கும் யாழ் அவற்றுள் ஒன்று. வில் கொண்டு யாழ் வாசிக்கும் ஒருவரின் சிற்பம், 14ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது, ட்ரொண்ட்ஹைம் நகரிலுள்ள நிதாரோஸ் பேராலயத்தில் உண்டு. மறைந்த கருவியின் வடிவைக் காத்துக் கொடுத்தது தேவாலயத்தின் கல்! நம்மிடையே மறைந்துபோன யாழை விபுலாநந்த அடிகளார் பழந்தமிழ் நூல்களிலிருந்து ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூலாகத் தந்த உழைப்பு எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

நாங்கள் கேட்ட பாட்டின் பெயர் ‘சொனாதொர்ரெக்’. மைந்தரை இழந்த ஈடுசெய்ய முடியாத துயர் என்பது அதன் கருத்து. 10ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துத் தீவில் வாழ்ந்த எகில் ஸ்கல்லகிரிம்சன் என்னும் புலவர் யாத்தது. அது பிறந்த கதையை எகிலின் வரலாற்றைக் கூறும் பழைய நூலில், நோர்வேஜிய மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தோம். அக்கதை எங்களை உலுக்கிவிட்டது.

எகில் ஒன்றும் சாதுவான மனிதர் அல்லர். வாளெடுத்துப் பலரை வீழ்த்திய முரடர். அவருடைய அன்பு மகன் பொத்வார், படகு கவிழ்ந்து கடலில் மாண்டான். எகில் தாமே மகனின் உடலைத் தூக்கிச் சென்று, தம் தந்தையைப் புதைத்த மேட்டிலே அடக்கம் செய்தார். பின்பு வீடு திரும்பிப் படுக்கையறைக்குள் புகுந்து உள்ளே தாழிட்டுக்கொண்டார். உணவும் இல்லை, நீரும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. செத்துப் போவதென்றே முடிவு செய்துவிட்டார். மனைவி என்ன செய்வார்? வேற்றூரில் வாழ்ந்த மகள் தோர்கெர்த்துக்கு ஆள் அனுப்பினார்.

மகள் இரவோடிரவாகக் குதிரையேறி வந்தாள். “நானும் இனி உண்ணமாட்டேன், அப்பா போகும் வழியே எனக்கும் வழி” என்று தந்தையின் காதில் விழும்படி உரத்துச் சொன்னாள். கதவு திறந்தது. உள்ளே சென்று மற்றக் கட்டிலிற் படுத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் எதையோ மென்றாள். “என்ன மெல்லுகிறாய்?” என்று கேட்டார் தந்தை. “கடற்பாசி, இதைத் தின்றால் விரைவில் சாவு வருமாம்” என்றாள். தந்தையும் வாங்கி மென்றார். உப்புக் கரிக்கும் பாசி தாகத்தை மூட்டிற்று. தண்ணீர் கொண்டுவரச் செய்தாள். கொம்புக் குவளையை வாங்கி ஒரே மூச்சிற் குடித்தார் எகில். “ஏமாந்தோம் அப்பா, இது பால்!” என்றாள் மகள். அவர் சினத்தால் குவளையையே கடித்துவிட்டார். அப்போதுதான் அவள் தன் உள்ளக் கருத்தை வெளியிட்டாள். “நம் எண்ணம் கெட்டுவிட்டது. இனி இன்னும் சிறிது காலம் வாழ்வோம். தம்பிக்கு நீங்கள் ஓர் இரங்கற்பா பாடுங்கள்; நான் அதைக் கோலிலே பொறித்து வைக்கிறேன். வேறு யார் அவனுக்குப் பாடுவார்?”

எகில் பாடத் தொடங்கினார். முதலில் நா எழவில்லை. பாடப் பாட வலிமை வந்தது. தம் தெய்வமாகிய ஒடினோடு அவர் அப்பாட்டில் சச்சரவு செய்கிறார். என் மகனைப் பறித்தாயே என்று குமுறுகிறார். இறுதியில், பறித்தவனே பாடும் வரத்தையும் எனக்குத் தந்தான் என்று ஓரளவு அமைதி பெறுகிறார். பாட்டு முடிந்தபோது அவர் எழுந்து, தம் இருக்கையில் வந்து அமர்ந்தார் என்று கதை முடிகின்றது.

படித்து முடித்தபோது எங்கள் மனத்தில் ஓர் ஐயமும் எழுந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நாங்கள், கிறிஸ்துவை அறியாத மக்களின் பாட்டில் ஆறுதல் தேடலாமா? இன்னோர் அச்சமும் இருந்தது. அம்மக்களின் ‘ரூன்’ எழுத்துக்களை ஜேர்மனிய நாசிகள் தம் கொடிய படையின் சின்னங்களாக்கினார்கள். 1940 முதல் 1945 வரை நோர்வேயும் அவர்கள் பிடியில் இருந்தது. இன்றும் இனவெறி கொண்ட சிலர் அவ்வெழுத்துக்களை அணிவதுண்டு. கருநிற மேனியராகிய எங்களுக்கு, யாரேனும் அவ்வெழுத்தைக் கழுத்தில் அணிந்து பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

இவ்வையங்களோடு ஒருநாள் பேர்கன் துறைமுகத்திலுள்ள பிரிக்கன் அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். அங்கு 1955ஆம் ஆண்டில் பெருந்தீ மூண்டு பழைய மரவீடுகள் பல எரிந்தன. எரிந்த நிலத்தை அகழ்ந்தபோது ரூன் எழுத்துப் பொறித்த பொருட்கள் ஏறத்தாழ 670 கிடைத்தன, பெரும்பாலானவை மரக்கோல்கள். தோர்கெர்த் தந்தைக்குச் சொன்னாளே, அத்தகைய கோல்கள்! அவற்றுள் வணிகர் சரக்கிற் கட்டிய பெயர்ச் சீட்டுகள் உண்டு. காதல் மொழிகளும் உண்டு. அவற்றோடு, இலத்தீன் மொழியில் ‘அருள் நிறைந்த மரியே’ செபமும் அதே ரூன் எழுத்துக்களில் வெட்டப்பட்டிருக்கின்றது. எங்கள் கண்கள் கலங்கின. எழுத்திற் குற்றம் ஏது? அதைக் கொண்டு வெறுப்பை எழுதுவதும் வாழ்த்தை எழுதுவதும் மனிதர் கையில் அன்றோ இருக்கின்றது! அன்று முதல் அவ்வெழுத்தின் மேலிருந்த அச்சம் எங்களை விட்டுச் சிறிது அகன்றது.

பிறகு மற்றொரு செய்தியும் அறிந்தோம். ஐஸ்லாந்து கி.பி. 1000ஆம் ஆண்டளவில் திருமறையை ஏற்றது. எகில் போன்றோர் வளர்த்த அதே புலமை மரபு கிறிஸ்துவின் புகழையும் பாடலாயிற்று. 1208ஆம் ஆண்டில் கொல்பெயின் தூமாசன் என்னும் தலைவர், வானத்தைப் படைத்த தச்சரே என இறைவனை விளித்து ஒரு செபப் பாட்டு இயற்றினார். அவர் தம் ஆயரோடே பகைகொண்டு போருக்குச் சென்றவர். அப்போரிற் கல்லடி பட்டு மாண்டார். மாள்வதற்குச் சற்று முன் பாடியது அப்பாட்டு என்பது மரபு. 1973ஆம் ஆண்டில் தொர்கெல் சிகுர்பியோர்ன்சன் என்னும் இசையறிஞர் அதற்கு மெட்டமைத்தார். இன்று அது அத்தீவினர் பெரிதும் விரும்பும் ஞானப்பாட்டு. குற்றமுள்ள மனிதனின் குரலையும் இறைவன் தள்ளுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தோர்கெர்த் நம் வேதத்தை அறியாதவள். ஆயினும் தாய் தந்தையரை மதித்திரு என்னும் நான்காம் கட்டளையை அவளைப் போல் யார் நிறைவேற்றினார்? எங்கள் ஐயம் தெளிந்தது.

அவ்வாண்டு பெரிய வெள்ளி சித்திரை 19ஆம் நாள் வந்தது. ஆலயத்திலிருந்து நாங்கள் வீடு திரும்பியபோதும் அப்பா யன்னலோரத்திலேயே இருந்தார். வெளியே மழை. அவர் காலடியில் இருவரும் அமர்ந்துகொண்டோம். எகிலின் கதையை முதலிலிருந்து சொன்னோம். அவர் கேட்கிறாரோ இல்லையோ தெரியவில்லை. கடற்பாசி வந்த இடத்தில் தலை சற்றுத் திரும்பியது. பால் என்று சொன்ன இடத்தில் உதடு அசைந்தது. கதை முடிந்தபின் நெடுநேரம் மௌனம். பின்பு, மூன்று மாதங்களாக நாங்கள் கேளாத குரல் கேட்டது.

“பேந்து, அந்தாள் சாப்பிட்டவரோ?”

“ஓம் அப்பா, சாப்பிட்டவர்.”

“அந்தப் பெட்டை கெட்டிக்காரி.”

இளையவள் எழுந்துபோய் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து வந்தாள். “அப்பா, அம்மாவுக்கு ஒருத்தரும் பாடேல்லை. நீங்கள் பாடுங்கோ, நாங்கள் எழுதி வைக்கிறம்” என்றோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கண்ணை மூடினார். அவருக்குப் பழக்கமான பசாம் இராகத்தையே எடுத்தார். குரல் கரகரத்தது, உடைந்தது, மீண்டும் எழுந்தது. கிடுகு பின்னிய அம்மாவின் கையைப் பாடினார். அதே கை வடதுருவக் கரையில் மீன் வெட்டியதைப் பாடினார். முதன்முதல் உறைபனியைக் கண்ட அன்று, ஆனையிறவு உப்பளம் இங்கே வந்துவிட்டதோ என்று அம்மா கேட்டதைப் பாடினார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். சிரித்த வாயாலேயே ஓவென்று அழுதோம். சேலைத் தலைப்பை யாரும் தேடவில்லை. அப்பாவும் அழுதார்.

ஓரிடத்தில் அவர் ஆண்டவரோடும் வழக்காடினார். கிழவனை விட்டுவிட்டு அவளை ஏன் எடுத்தீர் என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்தவளின் கை தயங்கி நின்றது. பெரிய வெள்ளியில் இப்படி எழுதலாமா? அப்பா கண்ணைத் திறந்து, “எழுது பிள்ளை. அவர் சிலுவையிலை கேட்டதைத்தானே நானும் கேக்கிறன்” என்றார். எழுதினோம். அன்றிரவு அப்பா ஒரு கோப்பைக் கஞ்சியை முழுவதும் குடித்தார். உயிர்ப்பு ஞாயிறன்று எங்களோடு கோயிலுக்கு வந்தார்.

அன்றோடு அவர் துயரம் தீர்ந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். அம்மாவின் கம்பளிப் போர்வையை இன்றும் அவர் யாரையும் தொடவிடுவதில்லை. ஆனால் துயரம் குரலாகிவிட்டது; குரலானபின் அதை நாங்கள் மூவருமாகச் சுமக்க முடிகின்றது. ஆண்டுதோறும் தை மாதத்தில் அக்கொப்பியை எடுத்துப் பாடுகின்றோம். நோர்வேயிற் பிறந்த எங்கள் பிள்ளைகளும் அவ்விராகத்தைப் பழகிவிட்டார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கடினம், பாட்டு கடினமாயில்லை.

சங்கீத வகுப்பில் சிஸ்டர் சொன்ன மொழி இப்போது விளங்குகின்றது. பாடுகிறவள் தனக்காக ஒருமுறையும், பாட முடியாமல் வாயடைத்துப் போனவருக்காக ஒருமுறையும் செபிக்கிறாள். இதை எங்களுக்கு விளக்கியது, எங்கள் மொழியறியாத, எங்கள் வேதமறியாத, ஆயிரமாண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு மகள்.

அன்புத் தங்கையரே! வேற்று மக்களின் இசையைக் கேட்க அஞ்சவேண்டாம். அதிற் கேட்டு, உங்கள் வீட்டிற் கேளாமற் போன குரலைத் தேடிச் செல்லுங்கள். உங்கள் பாட்டிமார் பாடும் தாலாட்டையும் பசாமையும் ஒப்பாரியையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யாரேனும் உங்கள் வீட்டில் கதவைத் தாழிட்டுக் கொண்டால், புத்திமதி கூறுமுன் அருகிற் சென்று அமருங்கள். பிறகு ஒரு பாட்டுக் கேளுங்கள்.

அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும்படி உங்களையும் வேண்டுகின்றோம்.

— பழைய மாணவியர் இருவர், பேர்கன், நோர்வே